தொண்ணூற்றாறாம் பக்கத்திலிருந்து

மூன்று வருஷமாய் நான் தண்ணீர் நடுவில் நிற்கிறேன்.
துடுப்பு தூக்கிய கை தூக்கியபடி.
தோளில் கிளி. காலில் இரண்டு செருப்பு.
எதிரே
புலி பாய்ந்
என்று வரி முடிந்துவிட்டது.

புயலில் கிளை நூலகத்தின் ஓடுகள் பறந்த ராத்திரி
தையல் விட்டுப் பதினாறு பக்கங்கள் கூடவே பறந்தன.
முத்துப்பேட்டைக் கழியில் ஏதோ ஓர் இறால்
நான் தப்பித்த கதையைத் தின்றிருக்கும்.

எடுத்துப் போனவர்கள் எல்லோரும் தாண்டிப் போனார்கள்.
தொண்ணூற்றாறு, உடனே நூற்றுப் பதிமூன்று.
அங்கே நான் கரையில் இருக்கிறேனாம்,
நனைந்து, ஒற்றைச் செருப்போடு,
கிளி இல்லாமல்,
சிரித்துக்கொண்டு.
எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை.
எனக்கும் தெரியாது.

பிறகு பல்கீஸ் வந்தாள்.
ஆறாம் வகுப்பு. பாதி அழிந்த மருதாணி விரலை
வரியின் அடியில் ஓட்டித்தான் வாசிப்பாள்.
உதடு அசையும். சில இடத்தில் நின்றுவிடும்.
க... க... கதவு என்பாள்,
என் எதிரே மூன்று கதவுகள் முளைக்கும்.
எழுதியவர் ஒன்றுதான் வைத்திருந்தார்.
மற்றதில் ஒன்றைத் திறந்து பார்த்தேன்:
உள்ளே உப்பு. உப்பின் மேல் ஒரு பூநாரை
ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது.

'ப' அவளுக்குப் பகை.
வகுப்பில் பெயர் கேட்டால்
தன் பெயரின் வாசலிலேயே நின்றுவிடுவாள்.
அதனால் படகைத் தோணி ஆக்கினாள்.
ஆயிற்று; பலகை இடுக்கில் மீன் செதில்கூட ஒட்டியிருந்தது.
புலியை வேங்கை ஆக்கினாள்.
அது முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது,
அவளிடம் நான் சொல்லவில்லை.
என் பெயர் பகலவன்.
தொண்ணூற்றாறு பக்கமும் 'அவன்' என்றே கடந்தாள்.

வேங்கை பாய்ந்
நின்றாள். தாண்டவில்லை.
நூற்றுப் பதிமூன்றைப் படித்தாள், திரும்பி வந்தாள்,
என் செருப்புகளை எண்ணினாள்.
"ஒண்ண எங்கடா விட்டே?"
திக்காமல் கேட்டாள்.

கணக்கு நோட்டின் கடைசித் தாள்கள் திறந்தன.
வகுத்தலின் மீதிகளுக்கு அடியில் தண்ணீர் வந்தது.
எழுதியவர் வெறுமனே நதி என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.
இவள் கோரையாற்றைத் திறந்துவிட்டாள்,
பாமணியைத் திறந்துவிட்டாள்,
இரண்டும் கலங்கிப்போய்க் கழியில் விழும் இடத்தில்
அலையாத்தி வேர்கள்
சேற்றில் குத்திவைத்த பென்சில்களாய்
கூர் மேலே தெரிய நின்றன.
அங்கே தோணியைச் செருகினாள்.
குதி என்றாள்.
இடது செருப்பைச் சேறு கேட்டது, கொடுத்தேன்.
வேங்கையும் குதித்தது.
அதனிடம் நாலு காலையும் கேட்டது.

சரி, கரை எந்தப் பக்கம்? ஒரே இருட்டு.
யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.
பேனா நின்றது.
எழுதினால் போதாது, வாய்விட்டு வாசித்தால்தான் எனக்குக் கேட்கும்.
அது அவளுக்கும் தெரியும்.

மொட்டைமாடியில் வேறு யாருமில்லை.
கீழே அவள் வாப்பா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்.
ப
என்றாள். கிழக்கே லேசாய் வெளுத்தது.
ப
பூநாரை காலை மாற்றிக்கொண்டது.
நான் அவசரப்படுத்தவில்லை.
சேற்றில் நிற்கிறவனுக்கு என்ன அவசரம்.
ஸ்கூட்டர் கிளம்பி
அதன் சத்தம் தெருக்கோடியில் திரும்பி மறைந்த பிறகு
பகலவன்
என்றாள்.
கரை தெரிந்தது.

நூற்றுப் பதிமூன்றில் ஏறினேன்.
ஏன் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரியும்.

புத்தகம் நான்கு நாள் தாமதமாய்த் திரும்பியது,
நடுவில் கோடு போட்ட தாள்கள், பசை காயாமல்.
நூலகர் ஆரோக்கியமேரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நின்றபடியே படித்தார்.
ஒருவர் நாளிதழ் கேட்டார், காதில் விழவில்லை.
"எல்லாம் சரி. கிளி எங்க போச்சுன்னு வரலியே?"

பல்கீஸ் பள்ளிப் பையை நெஞ்சோடு அணைத்தாள்.
பை ஒருமுறை சிறகடித்தது.
"தெ... தெரியாது மேடம்."